வடசென்னையிலிருந்து வேளாண் பொறியியல் முதுநிலைப் படிப்புக்கு: துல்லிய வேளாண்மையில் இறங்க விரும்புவோருக்கான முழு வழிகாட்டி

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வேளாண் பொறியியலில் முதுநிலை படிக்க விரும்பும் பிள்ளைகளோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து விண்ணப்பங்களைப் பார்த்து வருகிறேன். அவர்களில் பலருக்குப் பாடம் நன்றாகவே தெரியும். ஆனால் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியில் செய்கிறார்கள். முதலில் தேர்வு, பிறகு கல்லூரி, பிறகு பிரிவு, எல்லாம் முடிந்தபின் ‘எதை ஆராய்வது’ என்று போகிறார்கள். நான் சொல்லும் வரிசை இதற்கு நேர் எதிரானது. அதற்கான காரணங்களை அந்தந்தப் படியிலேயே எழுதியிருக்கிறேன்.

இந்த வழிகாட்டி பி.இ. அல்லது பி.டெக். மூன்றாம் ஆண்டில் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. இறுதியாண்டில் இருப்பவர்கள் முதல் இரண்டு படிகளை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டு மூன்றாம் படிக்கு வரலாம். அவற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம்.

1. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், ஆதார், கல்லூரி மதிப்பெண் பட்டியல் மூன்றையும் ஒரே மேசையில் வைத்துப் பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நம் ஊரில் முன்னெழுத்து ஒன்றில் முன்னால் இருக்கும், ஒன்றில் பின்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பாவின் முழுப்பெயராக விரிந்திருக்கும். தேசிய அளவிலான தேர்வுகளின் இணையப் படிவங்கள் இந்த வேறுபாட்டை ஏற்பதில்லை. ஆதாரில் திருத்தம் செய்வது எளிது, மதிப்பெண் சான்றிதழில் திருத்துவது கடினம். ஆகவே பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரையே அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுங்கள்.

கணினியைப் பொறுத்தவரை, எட்டு ஜிபி நினைவகம் உள்ள பழைய மடிக்கணினியே தொடங்கப் போதும். கியூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருளை அதில் நிறுவிவிடுங்கள். கட்டண மென்பொருளுக்காகக் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை.

2. எந்த வயலில் என்ன சிக்கல் என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ‘துல்லிய வேளாண்மையில் ஆர்வம்’ என்று எழுதினால் எந்த நேர்காணலிலும் அடுத்த கேள்வி ‘எந்தப் பயிரில், எந்தக் குறைபாட்டுக்கு?’ என்பதாகவே இருக்கும். துல்லிய வேளாண்மையின் அடிப்படை மிக எளிமையானது. ஒரே வயலுக்குள் மண்ணும் நீரும் பயிரும் இடத்துக்கு இடம் மாறுகின்றன. அந்த மாற்றத்தை அளந்து, இடத்துக்கு ஏற்ற அளவில் நீரோ உரமோ மருந்தோ கொடுக்க வேண்டும். ஆகவே என்ன மாறுகிறது, எவ்வளவு மாறுகிறது என்று தெரிந்துகொள்வதுதான் தொடக்கம்.

வடசென்னையில் இருப்பவர்கள் வயலுக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கொருக்குப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறினால் எண்ணூர், அத்திப்பட்டு தாண்டி மீஞ்சூர், அடுத்து பொன்னேரி. ஸ்டேஷனிலிருந்து சிறிது தூரம் போனால் நெல்வயல்.

மீஞ்சூர் சுற்றுவட்டாரத்தில் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாசனத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் நிலத்தடி நீரை இறைத்ததால் கடல்நீர் நிலத்தடிக்குள் புகுந்தது. ஆரணியாறு, கொசஸ்தலையாறு பாயும் இந்தப் பகுதியில் கிணற்றுக்குக் கிணறு உவர்ப்பு மாறுகிறது. நெல்லுக்கு மண்ணின் நிறைசாறு மின்கடத்துத்திறன் (நீரில் ஊறிய மண்ணிலிருந்து எடுத்த சாறு எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்ற, உப்பைக் காட்டும் அளவு) மீட்டருக்கு ஏறத்தாழ 3 டெசிசீமன்ஸைத் தாண்டியதும் விளைச்சல் சரியத் தொடங்கும் என்பது பாசனப் பாடநூல்களில் உள்ள அடிப்படை அளவு. அதற்குமேல் ஒவ்வோர் அலகுக்கும் சுமார் 12 விழுக்காடு குறையும். அப்படியானால் ஒரே விவசாயியின் நிலத்தில் எந்த மூலை இந்த எல்லையைத் தாண்டியிருக்கிறது? எங்கே கூடுதல் நீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும், எங்கே அந்த நீர் வீண்? இது ஒரு முழுமையான ஆய்வுக் கேள்வி. இதை எழுதிக்கொண்டு போகும் மாணவருக்கு நேர்காணல் பேச்சுவார்த்தையாக மாறிவிடும்.

இயந்திரம் பிடித்தவர்களுக்குச் செம்பியம் இருக்கிறது. சிம்ப்சன் நிறுவனத்தின் டீசல் எஞ்சின் தொழிற்சாலையும் டாஃபே டிராக்டர் நிறுவனமும் பெரம்பூருக்கு அடுத்துத்தான். அறுவடைக்குப் பிந்தைய நுட்பம் பிடித்தவர்களுக்குச் செங்குன்றம் அரிசி ஆலைகள் இருக்கின்றன. நெல்லை 14 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவரும் உலர்த்திகள் எப்படி இயங்குகின்றன, மழைக்காலத்தில் ஏன் தடுமாறுகின்றன என்று ஆலையிலேயே கேட்டுப் பாருங்கள். திருவள்ளூர் அருகே திரூரில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கின்றன. கடிதம் எழுதி அனுமதி பெற்றுக்கொண்டு போனால் பேசுவார்கள்.

வயலில் கேட்டதை நான்கு வாக்கியமாக எழுதுங்கள்: என்ன சிக்கல், எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு இழப்பு. நான்காவது வாக்கியத்தில் எண் இல்லையென்றால் இன்னொரு முறை போய்க் கேளுங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, அமெரிக்கப் பண்ணை வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே இயந்திரத்தை இங்கே கொண்டுவருவதாக எழுதுவது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு நில உடைமையின் சராசரி அளவு 0.75 எக்டேர். பன்னிரண்டு மீட்டர் அகலக் கருவி இங்கே திரும்பவே இடம் போதாது. 2004-05இல் தொடங்கி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 400 எக்டேரில் நடந்த தமிழ்நாட்டின் துல்லியப் பண்ணையத் திட்டம் சொட்டுநீர்ப் பாசனத்தையும் நீரில் கரையும் உரத்தைக் குழாய் வழியே கொடுப்பதையும் மையமாக வைத்தது. நம் நில அளவுக்கு எது பொருந்தும் என்று யோசிப்பதே உங்கள் தனித்தன்மையாக இருக்கட்டும்.

3. அந்தச் சிக்கல் எந்தப் பிரிவின் கீழ் வருகிறது என்று பாருங்கள்

நம் நாட்டில் ‘துல்லிய வேளாண்மை’ என்ற பெயரிலேயே பட்டம் தேடினால் மிகச் சிலவே கிடைக்கும். அந்த வேலை நடப்பது வேறு பெயர்களுக்குள்.

கோவையில் உள்ள வேளாண் பொறியியல் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையத்தின் எம்.டெக். பிரிவுகளை எடுத்துக்கொள்வோம். பண்ணை இயந்திரம் மற்றும் ஆற்றல் பொறியியலில் இடத்துக்கு ஏற்ப அளவை மாற்றி உரமிடும் (மாறுவீத) கருவி, தெளிப்பான், தானியங்கி வழிகாட்டல் போன்றவை வரும். மண் மற்றும் நீர்வளப் பாதுகாப்புப் பொறியியலில் பாசனத் தானியக்கம், உவர்ப்பு, தொலையுணர்வு (செயற்கைக்கோள் போன்றவற்றால் தொலைவிலிருந்து அளப்பது) வரும். பதப்படுத்துதல் மற்றும் உணவுப் பொறியியலில் படம் பார்த்துத் தரம் பிரிக்கும் நுட்பம் வரும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பிரிவும் உண்டு. மீஞ்சூர் உவர்ப்பை எடுத்தவர் இரண்டாவதற்குப் போக வேண்டும். ட்ரோன் தெளிப்பானின் துளி அளவை ஆராய விரும்புபவர் முதலாவதற்கு.

கோவைக்கு வெளியே, 1952இல் தொடங்கிய காரக்பூர் ஐ.ஐ.டி.யின் வேளாண் மற்றும் உணவுப் பொறியியல் துறை, டெல்லி பூசாவில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம், பந்த்நகர், கேரளத்தின் தவனூர் ஆகியவற்றையும் பாருங்கள். வீட்டை விட்டுத் தங்க முடியாத நிலையில் இருப்பவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள் பலர், சென்னையிலேயே தேடுகிறார்கள். அவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் நீர்வள, தொலையுணர்வு முதுநிலைப் படிப்புகளைப் பரிசீலிக்கலாம். பட்டத்தில் ‘வேளாண்’ என்ற சொல் இருக்காது. அதனால் சில வேளாண் ஆசிரியப் பணிகளுக்கு அது பொருந்தாமல் போகக்கூடும். இதை வீட்டில் பேசி முடிவெடுங்கள்.

வெளிநாடு போகிறவர்கள் தேடும் பெயரும் வேறு. அமெரிக்காவின் பர்டூ, இல்லினாய் பல்கலைக்கழகங்களில் அது ‘வேளாண் மற்றும் உயிரியல் பொறியியல்’. நெதர்லாந்தின் வாகனிங்கனில் ‘பயோசிஸ்டம்ஸ் இன்ஜினியரிங்’. ஜெர்மனிக்குப் போவதாக இருந்தால், உங்கள் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரப்படும் ஏ.பி.எஸ். சான்றிதழ் கட்டாயம். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பல்கலைக்கழகத்தைத் தேடும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.

தகுதி விதியைப் படிப்பதில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு நிறுவனமும் ஏற்கும் பட்டங்களைப் பெயர் சொல்லிப் பட்டியலிடும். இணைப்புக் கல்லூரியில் பி.இ. படித்தவர்கள், இயந்திரவியல் அல்லது கட்டடப் பொறியியல் படித்தவர்கள் தங்கள் பட்டத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கட்டணம் செலுத்தும் முன் பார்க்க வேண்டும். ‘அதற்கு இணையான பட்டம்’ என்ற வரியை நம்பி விண்ணப்பித்துக் கடைசி நேரத்தில் நிராகரிக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் சேர்க்கைப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

4. இப்போதுதான் தேர்வைத் தேர்ந்தெடுக்க வேண்டும்

பிரிவும் நிறுவனமும் முடிவானால் தேர்வு தானாகவே முடிவாகிவிடும். ஐ.ஐ.டி.க்கு கேட் (GATE) என்ற தேசியப் பொறியியல் தகுதித் தேர்வு. மாநில வேளாண் பல்கலைக்கழகங்களில் அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கும் டெல்லி பூசாவுக்கும் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதுநிலை நுழைவுத் தேர்வு. கோவையின் மற்ற இடங்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் தனியாக வெளியிடும் அறிவிப்பு. அண்ணா பல்கலைக்கழகப் படிப்புகளுக்கு மாநிலப் பொறியியல் முதுநிலைச் சேர்க்கைத் தேர்வு அல்லது கேட்.

கேட் தேர்வில் வேளாண் பொறியியல் தனித்தாள். மூன்று மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும். இதனால்தான் மூன்றாம் ஆண்டில் ஒருமுறை எழுதிவிடும்படி எல்லோரிடமும் சொல்கிறேன். அதில் நல்ல மதிப்பெண் கிடைத்தால் இறுதியாண்டை வயலுக்கும் செய்முறைக்கும் கொடுக்கலாம்.

வேளாண் ஆராய்ச்சிக் கழகத் தேர்வின் போக்கு வேறு. அண்மை ஆண்டுகளில் இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், சரியான விடைக்கு நான்கு மதிப்பெண், தவறுக்கு ஒன்று கழிவு. கணக்கைவிட நினைவாற்றலும் வேகமும் அதிகம் வேண்டும். வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டும். விண்ணப்பத்தில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘வேளாண் பொறியியல் மற்றும் தொழில்நுட்பம்’ என்பதைத் தேடிக் குறியிட வேண்டும். பட்டியலில் ஒன்றுபோலத் தோன்றும் பிரிவுகள் இருப்பதால் அவசரத்தில் வேறொன்றைக் குறித்துவிடுகிறார்கள்.

5. சாதி, வருமானச் சான்றிதழ்களை விண்ணப்பம் திறக்கும் முன்பே வாங்குங்கள்

மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் மத்திய அரசின் தேர்வில் ஒதுக்கீடு கிடைக்காது. மத்திய அரசு வேலை, கல்விக்கான படிவத்தில் வளமான பிரிவினர் (கிரீமி லேயர்) அல்லாதோர் என்று குறிப்பிடும் தனி ஓ.பி.சி. சான்றிதழ் வேண்டும். அதில் நிதியாண்டு முக்கியம். தேர்வு அறிவிப்பு எந்தத் தேதிக்குப் பிந்தைய சான்றிதழ் வேண்டும் என்று சொல்கிறதோ அதற்குள் அடங்க வேண்டும். தகுதி இருந்தும் பழைய சான்றிதழால் பொதுப்பிரிவில் தள்ளப்படுவது மனம் நோகச் செய்யும் இழப்பு. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு இந்த நிதியாண்டுச் சிக்கல் இல்லை. ஆனால் சான்றிதழில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டும்.

விண்ணப்பிக்க இ-சேவை மையம் போதும். அங்கிருந்து கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று கோப்பு நகரும். திருவொற்றியூர், மாதவரம் பகுதியினர் ஒன்றைக் கவனியுங்கள். 2018இல் இந்தப் பகுதிகள் சென்னை மாவட்டத்தோடு சேர்ந்தன. அதற்கு முன் வாங்கிய சான்றிதழில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருக்கும். முகவரிச் சான்றில் சென்னை என்று இருந்தால் சரிபார்ப்பில் கேள்வி வரும். புதிதாக விண்ணப்பிக்கும்போது பழையதையும் இணைத்துவிடுங்கள்.

6. கேட் தயாரிப்பின் வரிசை

நூறு மதிப்பெண்ணில் பொதுத் திறன் 15, பொறியியல் கணிதம் 13. இந்த 28 மதிப்பெண்ணை முதலில் உறுதி செய்யுங்கள். இவை மற்ற நுழைவுத் தேர்வுகளுக்கும் உதவும், ஆறு மாதம் கழித்தும் மறக்காது.

மீதி 72 மதிப்பெண் பண்ணை இயந்திரம், பண்ணை ஆற்றல், மண் மற்றும் நீர்ப் பாதுகாப்பு, பாசனம் மற்றும் வடிகால், வேளாண் பதப்படுத்தல், பால் மற்றும் உணவுப் பொறியியல் என்று பிரியும். உங்கள் ஆய்வுப் பிரிவுக்கு நெருக்கமான இரண்டைத் தொடக்கத்தில் எடுங்கள். நேர்காணலிலும் அவற்றிலிருந்தே கேட்பார்கள். பால் மற்றும் உணவுப் பொறியியலைப் பலர் கடைசி மாதத்துக்குத் தள்ளிவைத்து, பிறகு தொடுவதே இல்லை. வெப்பப் பரிமாற்றம் தெரிந்தால் அதில் பாதி தெரிந்த மாதிரி. ஆகவே பதப்படுத்தலோடு சேர்த்தே படியுங்கள்.

எண்ணாக விடை எழுதும் கேள்விகளுக்குக் கழிவு இல்லை, அவற்றில் ஒன்றையும் விடக்கூடாது. அங்கே மதிப்பெண் போவது அலகு மாற்றத்தில். எடுத்துக்காட்டாக, கருவியின் அகலம் 2 மீட்டர், வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர். இரண்டையும் பெருக்கி 10ஆல் வகுத்தால் மணிக்கு 0.8 எக்டேர். வயல் செயல்திறன் 70 விழுக்காடு என்றால் 0.56. இந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவர் தேர்வு அறையில் தடுமாற மாட்டார். சூத்திரத்தை மட்டும் மனப்பாடம் செய்தவர் வேகம் வினாடிக்கு மீட்டரில் கொடுக்கப்பட்டால் தவறவிடுவார்.

என்.பி.டி.இ.எல். தளத்தின் காணொளிப் பாடங்கள் இலவசம். வீட்டில் அமைதியாகப் படிக்க இடமில்லாதவர்கள் பொது நூலகத்தையோ கொளத்தூரில் உள்ள முதல்வர் படைப்பகத்தையோ பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓர் அறையில் ஐந்து பேர் வாழும் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்குப் படிக்க ஒரு மேசை கிடைப்பது சிறிய விஷயமல்ல.

7. செய்முறை: செயற்கைக்கோள் படமும் மண்ணும்

சேர்க்கைக்கு முன்பே இதைத் தொடங்கச் சொல்வதற்குக் காரணம், முதுநிலையில் முதல் ஆண்டு பாடங்களிலேயே போய்விடும். இரண்டாம் ஆண்டில் கருவியைக் கற்றுக்கொண்டே ஆய்வும் செய்ய முடியாது.

ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்களை கோப்பர்நிக்கஸ் தளத்தில் இலவசமாக இறக்கலாம். காற்றுமண்டலத்தின் தாக்கம் நீக்கி, மேற்பரப்பு எதிரொளிப்பாகத் திருத்தப்பட்ட 2ஏ வகைப் படத்தையே எடுங்கள். சிவப்புப் பட்டை 4, அண்மை அகச்சிவப்புப் பட்டை 8, இரண்டும் 10 மீட்டர் துல்லியம். எட்டாம் பட்டையின் மதிப்பிலிருந்து நான்காம் பட்டையின் மதிப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடான என்.டி.வி.ஐ. பொன்னேரியில் நீங்கள் பார்த்த வயலுக்கே இதைச் செய்து பாருங்கள்.

இங்கே நான்கு இடத்தில் தடுக்கும்.

முதலாவது, வயலின் அளவு. ஒரு ஏக்கர் சுமார் 4,047 சதுர மீட்டர். பத்து மீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் நாற்பதுதான். வரப்போரக் கட்டங்களில் பக்கத்து வயலும் கலந்திருக்கும். அவற்றை நீக்கினால் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஒரு ஏக்கரை எட்டு மண்டலங்களாகப் பிரித்து வண்ணப்படம் காட்டும் மாணவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்.

இரண்டாவது, மேகம். சம்பா பயிர் வளரும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. முக்கியமான வாரங்களில் படமே கிடைக்காது. மேகத்தை ஊடுருவும் ரேடார் படம் தரும் சென்டினல்-1ஐயும் கற்றுக்கொள்ளுங்கள். கடலோர மாவட்ட நெல்லை ஆராய்கிறவருக்கு அது இல்லாமல் தீராது.

மூன்றாவது, ஆண்டுகளை ஒப்பிடுவது. 2022 ஜனவரி இறுதியில் சென்டினல்-2 தரவின் எண்களோடு 1,000 கூட்டித் தரும் முறை வந்தது. அதைக் கழிக்காமல் 2021 படத்தையும் 2023 படத்தையும் ஒப்பிட்டால் பயிர் மோசமானதுபோலத் தெரியும். வயலில் ஒன்றுமே நடந்திருக்காது.

நான்காவது, பரப்பளவு. படம் அட்சரேகை, தீர்க்கரேகையில் இருக்கும்போது பரப்பைக் கணக்கிட்டால் அபத்தமான எண் வரும். மீட்டரில் அளக்க உதவும் யு.டி.எம். என்ற வரைபட முறையில் சென்னை, திருவள்ளூர் பகுதிக்கு மண்டலம் 44 வடக்கு. முதலில் அதற்கு மாற்றிவிட்டு அளவெடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நடவு முடிந்த முதல் வாரங்களில் வயலில் நிற்கும் தண்ணீரால் இந்தக் குறியீடு தாழ்வாக இருக்கும். பயிர் அடர்ந்தபின் அது ஓர் அளவுக்கு மேல் ஏறாமல் நின்றுவிடும். இடைப்பட்ட காலத்தில்தான் அது வேறுபாட்டைக் காட்டும். தேதியோடு சேர்த்துப் படிக்காத எண்ணுக்குப் பொருள் இல்லை.

அடுத்தது மண். மாதிரி எடுக்கும்போது வரப்பு, எருக்குவியல், மரநிழல் உள்ள இடங்களைத் தவிருங்கள். மேல்குப்பையை ஒதுக்கிவிட்டு ஆங்கில ‘வி’ வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, குழியின் பக்கவாட்டிலிருந்து ஒரே கனத்தில் சீவி எடுக்க வேண்டும். விவசாயிக்கு உரப் பரிந்துரை தருவதற்குப் பல இடத்து மண்ணைக் கலந்து கால்பங்கு முறையில் அரைக் கிலோவாகக் குறைப்பது சரி. உங்கள் ஆய்வுக்கு அப்படிக் கலக்கக்கூடாது, ஏனென்றால் நீங்கள் தேடுவதே இடத்துக்கு இடம் உள்ள வேறுபாடு. ஒவ்வொரு புள்ளியும் தனிப் பை, தனி எண். செல்பேசியின் இருப்பிடத்தில் மூன்று முதல் ஐந்து மீட்டர் பிழை இருக்கும். ஆகவே புள்ளிகளுக்கு இடையே ஐந்து மீட்டர் இடைவெளி வைத்துவிட்டுச் செல்பேசியால் குறிப்பதில் பயனில்லை. ஆர்.டி.கே. என்ற துல்லிய இருப்பிடக் கருவி சில சென்டிமீட்டருக்குள் காட்டும், கல்லூரியில் இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

மலிவு விலை மண் ஈர உணரிகளை (சென்சார்) ரிச்சி தெருவில் வாங்கிவந்து நேரடியாக வயலில் குத்துவது இன்னொரு தவறு. உணரி தருவது மின் அளவு, அதை ஈரமாக மாற்ற அந்த மண்ணுக்கே அளவொப்பு செய்ய வேண்டும். வெவ்வேறு ஈரத்தில் மண்ணை எடுத்து எடை போட்டு, 105 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் அடுப்பில் உலர்த்தி, மறுபடி எடை போடுங்கள். இழந்த நீரை உலர்ந்த மண்ணின் எடையால் வகுத்தால் உண்மையான ஈரம். அதையும் உணரியின் அளவையும் வரைபடத்தில் பொருத்துங்கள். மீஞ்சூர் போன்ற உவர் மண்ணில் இந்த வகை உணரிகள் பெரும்பாலும் ஈரத்தைக் கூடுதலாகவே காட்டும், அதனால் அங்கே அளவொப்பு இன்னும் அவசியம். பயிர் வாடும்போது திரையில் ஈரம் போதும் என்று வந்தால் நம்பிய விவசாயிக்குத்தான் இழப்பு.

8. ட்ரோனைக் கடைசியில் வையுங்கள்

எல்லோரும் இதில்தான் தொடங்க விரும்புகிறார்கள். 2021 ட்ரோன் விதிகளின்படி 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை சிறியது. மருந்து தெளிக்கும் ட்ரோன் மைக்ரோ வகையைத் தாண்டிவிடும் என்பதால் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனத்தில் படித்து வாங்கிய ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். வயது பதினெட்டு நிறைந்து, பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் சேரலாம்.

வடசென்னையில் துறைமுகங்களும் அனல்மின் நிலையங்களும் அருகருகே இருக்கின்றன. ட்ரோன்களுக்கான அரசுத் தளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் வயலின் இடத்தைப் பார்த்து, முன் அனுமதி இல்லாமல் பறக்கவிடக்கூடிய பச்சை மண்டலமா என்று உறுதி செய்யாமல் எதையும் பறக்கவிடாதீர்கள். சென்டினல் படத்தையும் மண் மாதிரியையும் கையாளத் தெரிந்தபின் ட்ரோனுக்கு வருகிறவர், எந்த உயரத்தில் எந்தத் தேதியில் பறக்க வேண்டும் என்று கேள்வியோடு வருவார். அப்போது செலவழிக்கும் பணத்துக்குப் பயன் இருக்கும்.

9. ஆய்வேடுகளைப் படித்துவிட்டுப் பேராசிரியருக்கு எழுதுங்கள்

வேளாண் பல்கலைக்கழக ஆய்வேடுகள் கிருஷிகோஷ் என்ற தளத்திலும், முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்காவிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் சிக்கலைத் தேடி மூன்று நான்கு ஆய்வேடுகளையாவது கடைசி அத்தியாயம் வரை படியுங்கள். ‘எதிர்கால ஆய்வுக்கான பரிந்துரை’ என்ற பகுதியில் அவர்கள் விட்டுச்சென்ற வேலை இருக்கும். வழிகாட்டியின் பெயர் முதல் பக்கத்திலேயே இருக்கும்.

மின்னஞ்சல் பத்து வரிக்குள் முடியட்டும். நீங்கள் யார், எந்த ஆய்வேட்டைப் படித்தீர்கள், அதில் எழுந்த ஒரு கேள்வி, நீங்கள் பார்த்த வயலின் நான்கு வாக்கியங்கள். ஒரே கடிதத்தை முப்பது பேருக்கு அனுப்பினால் அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். பல பல்கலைக்கழகங்களில் வழிகாட்டியைச் சேர்ந்தபிறகுதான் ஒதுக்குவார்கள். ஆனாலும் இந்தக் கடிதம் வீணாவதில்லை. ஒதுக்கும் நேரத்தில் உங்கள் பெயர் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பார்.

10. சேர்க்கை, பணம்

ஐ.ஐ.டி. இடங்களுக்கு அந்த நிறுவனத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், அழைப்பை ஏற்பதோ மறுப்பதோ காப் (COAP) என்ற பொதுத் தளத்தில். இரண்டும் ஒன்று என்று நினைத்து பொதுத் தளத்தில் மட்டும் பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்கள் உண்டு. அதற்கு எந்த அழைப்பும் வராது.

கேட் தகுதியோடு, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் அனுமதி பெற்ற எம்.இ., எம்.டெக். படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். சேரும் படிப்பு அந்த அனுமதியின் கீழ் வருகிறதா என்று முதலிலேயே கேளுங்கள். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில், ஆதார் இணைத்ததாக இருக்க வேண்டும். முதல் தொகை வர மாதங்கள் ஆகலாம். ஆகவே விடுதி முன்பணத்தையும் முதல் பருவச் செலவையும் தனியாக ஏற்பாடு செய்துகொண்டே போக வேண்டும். வீட்டில் வட்டிக்கு வாங்கும் முன் கல்விக் கடனுக்கு வங்கியை அணுகுங்கள், சேர்க்கைக் கடிதம் வந்த நாளிலேயே.

11. சேர்ந்தபின்: ஆய்வைப் பருவத்தோடு பொருத்துங்கள்

நான்கு பருவங்கள் கொண்ட படிப்பில் வயல் ஆய்வுக்கு மிஞ்சுவது கடைசி இரண்டு. திருவள்ளூர் மாவட்ட நெல்லில் சொர்ணவாரி ஏப்ரல், மே மாதங்களில் தொடங்கும். சம்பா ஆகஸ்டு வாக்கில், நவரை டிசம்பர், ஜனவரியில். நீங்கள் எடுத்த சிக்கல் எந்தப் பருவத்தில் கூர்மையாகத் தெரியுமோ அந்தப் பருவத்தின் விதைப்பு நாளைக் குறித்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுங்கள். உவர்ப்பை எடுத்தவருக்கு மழை கழுவிவிட்ட சம்பாவைவிடக் கோடையை ஒட்டிய பருவம் பொருத்தம். விதைப்பைத் தவறவிட்டால் அடுத்த பருவம் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுப் படிப்பில் அது பெரிய துண்டு.

பின்னோக்கி எண்ணும்போது கருவி வாங்கும் நடைமுறைக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். விலைப்புள்ளி கேட்டு, ஒப்புதல் வாங்கி, கருவி வந்து சேர்வதற்குள் பல மாதங்கள் ஓடிவிடும். அதற்கு அடுத்தது அளவொப்பு. அதற்கும் அடுத்தது விவசாயியிடம் பேசுவது. எந்த மூலையில் என்ன செய்வீர்கள், விளைச்சல் குறைந்தால் யார் ஈடு செய்வது, எந்த நாளில் வயலில் இறங்குவீர்கள் என்று முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவர் பிழைப்பு நடக்கும் இடம் அது.

பரிசோதனைத் துண்டுகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குவதை நடவுக்கு முன்பே புள்ளியியல் ஆசிரியரிடம் காட்டி ஒப்புதல் பெறுங்கள். நட்டபின் மாற்ற வழியில்லை. அடிப்படை மண் மாதிரியை அடியுரம் இடும் முன் எடுத்துவிட வேண்டும். உரம் விழுந்த பிறகு எடுத்த மாதிரி இயல்பான மண்ணைக் காட்டாது, அதைச் சரிசெய்யும் கணக்கும் எதுவும் இல்லை. விவசாயி அடியுரம் போடும் நாளை இரண்டு நாட்களுக்கு முன்பே தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு, பைகளில் எண்களை வீட்டிலேயே எழுதிக்கொண்டு, முதல் ரயிலில் போய் இறங்குங்கள்.